வாத்து வேட்டைக்கு வெள்ளை வேட்டி

வசந்தத்தில் ஸ்னோ கூஸ் என்ற வெள்ளை வாத்து வேட்டைக்குப் போகத் திட்டம். அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊரில் என் வீட்டு கராஜில் நண்பன் குமார் லிஸ்ட் போட்டான்.

"வெள்ளைத் துணி இருந்தா எடுத்துட்டு வாடா. வயல்ல விரிச்சா, தன் கூட்டம்னு நினைச்சு வாத்து இறங்கும்."

பெட்டியைத் திறந்தேன். அப்பா கொடுத்தனுப்பிய வேட்டிகளில் கஞ்சி வாசம்.

சிறுவயதில் அப்பா, மாமாவோடு ஏரிக்கு வாத்து சுடப் போவேன். அப்பா மொடமொடவென்று வெள்ளை வேட்டியில்தான் வருவார். அவர் கரையேறியதுமே வாத்துகள் மொத்தமும் பறந்துவிடும்.

"ஒருநாளாவது லுங்கி கட்டுங்க மச்சான்!" என்று மாமா தலையில் அடித்துக்கொள்வார்.

"நாலு பேர் பாக்குற இடம் மாப்ளே," என்பார் அப்பா. அங்கே எங்களைத் தவிர ஈ காக்கை இருக்காது. திரும்பும்போது கோழிக்கறி வாங்குவோம்.

உடனே அப்பாவுக்கு போன் பண்ணினேன். "அப்பா, உங்க வேட்டியப் பாத்துத்தான் இங்க வாத்தே இறங்கப் போகுது!"

"இஸ்திரி போட்டு எடுத்துட்டுப் போடா," என்றார். "வர்ற வாத்து நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?"