சாதனைப் பெண்மணியும் நிலைப்படியும்

உள்ளே ஒருநாளும் கால் வைக்காமலேயே எங்கள் ஊர் நூலகத்தில் நான் பழைய உறுப்பினர். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். போலியோ வந்ததிலிருந்து எனக்குச் சக்கர நாற்காலிதான். நூலகத்துக்கோ உயரமான படிகள். கீழே இருந்து குரல் கொடுப்பேன், நூலகர் ஒரு புத்தகத்தோடு இறங்கி வருவார். நல்ல மனிதர். ஆனால் எனக்கென்று அவர் பொறுக்குவதெல்லாம் ஒரே சரக்கு: கையில்லாதவர் மலையேறிய கதை, கண் தெரியாதவர் கடலில் நீந்திய கதை.

"படிங்கம்மா, தெம்பா இருக்கும்" என்பார். எனக்குத் தெம்பு வேண்டாம், நல்ல கொலைக்கதை வேண்டும். வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா அந்தக் கண்றாவி?"

உள்ளே போய் நானே அலமாரியைத் துழாவ வேண்டும் என்ற வெறி அப்போதுதான் பிடித்தது. மனு மேல் மனு போட்டேன். என் தலையைக் கண்டாலே அதிகாரிகள் டீ குடிக்க எழுந்துபோகும் அளவுக்குப் பிரபலமானேன். கடைசியில் சாய்தளம் வந்தது, கூடவே விழாவும் வந்தது.

பந்தல், மைக், ஃபிளெக்ஸ். அதில் 'சாதனைப் பெண்மணி' என்ற எழுத்துக்குக் கீழே என் ஆதார் படம்; போலீஸ் தேடுகிற ஆள் என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கார்த்திகை மாதத்திலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. ஒருவர் உலகத்து மாற்றுத்திறனாளி மேதைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி, அந்த வரிசையின் கடைசியில் என்னையும் நிறுத்தினார். நான் செய்த சாதனை, ஒரு வாசலுக்குள் நுழைய வேண்டும் என்று கேட்டது.

ஏற்புரைக்கு முன்னால் ஒருமுறை உள்ளே போய் வருகிறேன் என்று சாய்தளத்தில் ஏறினேன். அருமையாக ஏறியது. உச்சியில் முன்சக்கரம் முட்டி நின்றது. சிமெண்டில் புத்தம்புது நிலைப்படி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து.

சாய்தளம் கட்டிய காண்ட்ராக்டர் ஓடிவந்தார். "நிலைப்படி இல்லாம ஒரு வாசலாம்மா? அதுல லட்சுமி குடியிருக்கா."

"அவங்களைக் கொஞ்சம் நகர்ந்து உக்காரச் சொல்லுங்க."

"சரி விடுங்க, நாலு பேரு தூக்கிட்டாப் போச்சு."

"நாலு பேரு தூக்கிட்டுப் போற வேளை எனக்கு இன்னும் வரலீங்க."

சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாசல் வரை வந்தும் கீழே இறங்குவதா? அப்போது பந்தல் போட்ட ஆள் ஒருவர், கம்பு நடக் குழி தோண்டிய கடப்பாரையோடு வந்து நின்றார்.

"இடிச்சிரவாக்கா?"

"இடிங்க தம்பி."

காண்ட்ராக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். படி பெயர்ந்தது. சல்லியை ஒதுக்கிவிட்டு நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

இத்தனை புத்தகங்களா! மேல்தட்டு எட்டவில்லை, கீழ்த்தட்டில் கொலைக்கதைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், பிடிக்காததைத் திருப்பி வைத்தேன். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

வெளியே மைக்கில் சாதனைப் பெண்மணியை ஏற்புரைக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். நூலகர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் வெளியில காத்திருக்காங்கம்மா."

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க. நான் இருந்தேன்ல?"