ஆறு அடுக்கு மேப்பிள்

இளமதிக்கு மனிதர்களையே அவ்வளவாகப் பிடிக்காது. அதிலும் ட்ரம் வாசிப்பவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. ட்ரம் செய்து விற்றுப் பிழைக்கிற ஒருத்திக்கு இது கொஞ்சம் தொந்தரவான குணம்தான். ஆனால் அவள் அதைக் குணம் என்று நினைக்கவில்லை, தகுதி என்று நினைத்தாள்.

உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அவளுடைய பட்டறை இருந்தது. அதற்கு முன் பதினெட்டு வருடம் கப்பல் கட்டும் தளத்தில் தர ஆய்வாளராக இருந்தாள். இரும்புத் தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டி, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே பற்றவைப்பு சரியில்லை என்று காதாலேயே சொல்லிவிடுவாள். கருவியைக் கொண்டுவந்து அதையே கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தக் காதை நம்பித்தான் வேலையை விட்டாள். அப்போது அவள் கணவன் ஸ்ரீராம், "யோசிச்சுத்தான் செய்றியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு மறுபடி கேட்கவில்லை.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "ஷெல் நல்லா தடிமனா வேணும்க்கா. அப்பதான் பேஸ் வரும்லா." ஷெல் என்றால் ட்ரம்மின் மர உடம்பு, பேஸ் என்றால் கனத்த கீழ்ச்சுருதி. அது தடிமனானால் அதன் சொந்தச் சுருதி ஏறும், மெலிந்தால் இறங்கும். இவர்கள் கேட்பதோ நேர் எதிர்.

"பலகை தடிமனா இருந்தா சத்தமும் தடிமனா வருமா? இது என்ன புரோட்டாவா?" என்பாள். கேட்டவன் சிரிப்பதா, கிளம்புவதா என்று தெரியாமல் நிற்பான்.

கைப்பேசிச் செயலியை வைத்துச் சுருதி சேர்ப்பவர்களை அவள் செவிடர்கள் என்றாள். அதிர்வு நீளமாக ஒலிக்கிறதே என்று தோலின் மேல் பசைத்துண்டை ஒட்டுகிறவர்களை மட்டும் மன்னிக்கவே மாட்டாள். "அது பாடணும்னு நான் மாசக்கணக்கா இழைக்கிறேன். நீ அதோட வாயில துணிய அடைக்கிற."

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஆறு அடுக்கு மேப்பிள் மரப் பலகையை வளைத்து ஒட்டியதும், துளை எதுவும் போடுவதற்கு முன், ஷெல்லை விரலில் தொங்கவிட்டு ரப்பர் சுத்தியலால் தட்டுவாள். அது சொல்லும் சுருதியை உள்பக்கம் பென்சிலால் எழுதிவைப்பாள். பிறகு தோலை அதே சுருதியில்தான் நிறுத்துவாள். அதிலிருந்து கால் இழை விலகினாலும் மரத்துக்குச் செய்யும் துரோகம் என்பது அவள் கட்சி.

தேக்கா வட்டாரத்தில் ஒரு புதிய கலையரங்கம் கட்டினார்கள். மேடையில் நிரந்தரமாக வைக்க ஒரு ட்ரம் செட் வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்று, இளமதியுடையது ஒன்று, இரண்டையும் வாசித்துப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். பட்டறை தொடங்கிய மூன்று வருடத்தில் அவளுடைய ட்ரம் ஒன்றுகூட இந்த ஊரில் ஒரு நல்ல மேடை ஏறியதில்லை. இதுவும் கிடைக்காவிட்டால் ஜூலையில் பட்டறையைக் காலி செய்துவிட்டுக் கப்பல் தளத்துக்கே போகிறேன் என்று ஸ்ரீராமிடம் சொல்லியிருந்தாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லியாகிவிட்டது.

அந்தச் செட்டைச் செய்துமுடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் பட்டறையில் சத்தம் போடமுடியவில்லை. பக்கத்து யூனிட்டில் நேரலையில் சேலை விற்கிற ஒரு நிறுவனம் வந்து உட்கார்ந்திருந்தது. அவர்கள் புகார் செய்ய, கட்டட நிர்வாகம் இரண்டு கடிதம் அனுப்பிவிட்டது. மூன்றாவது வந்தால் வெளியே போகவேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு ட்ரம்முக்குள்ளும் தடித்த ஸ்பாஞ்சை அடைத்து, விளிம்பில் விரல் நுனியால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தாள். மற்றவர்கள் அடைத்தால் அது அறியாமை, அவள் அடைத்தால் நிர்வாகத் தேவை. அந்த வித்தியாசம் அவளுக்கு மிகத் தெளிவாக இருந்தது.

தேர்வுக்கு முதல்நாள் ஸ்பாஞ்சுகளை எடுத்துவிட்டு மறுபடி விரலாலேயே சரிபார்த்தாள். குச்சியைத் தொடவில்லை. காது இருக்கும்போது குச்சி எதற்கு?

அரங்கத்தின் மேலாளர் மோகனப்பிரியா ஆளுக்கு முப்பது நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசிக்க வந்தவன் ரஃபீக். கல்யாணக் கச்சேரியிலிருந்து தேசிய தின நிகழ்ச்சிவரை வாசிக்கிறவன். அவன் பையில் பசைத்துண்டு டப்பா இருப்பதை இளமதி பார்த்துவிட்டாள். அந்த நிமிடமே அவனை மனத்துக்குள் தள்ளுபடி செய்தாள்.

வெளிநாட்டுச் செட் முதலில். குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை. பிறகு ரஃபீக் இளமதியின் செட்டில் டாம் என்கிற பெரிய ட்ரம்மை ஓங்கி அடித்தான். ஒலி அரங்கத்தை நிறைத்தது. மோகனப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அதோடு சேர்ந்து, யாரும் தொடாத ஸ்னேர் 'ஜிர்ர்ர்' என்று இரைந்தது. ஸ்னேர் என்பது அடியில் கம்பிச்சுருள் கட்டிய சின்ன ட்ரம். டாமை அடித்த ஒவ்வொரு முறையும் அது இரைந்தது.

"அக்கா, டாமும் ஸ்னேரோட அடித்தோலும் ஒரே சுருதியில நிக்குது. அதான் இது அடிச்சா அது கூடவே பாடுது. டாமக் கொஞ்சம் இறக்கிட்டா போதும்லா. ரெண்டு நிமிஷ வேலை" என்றான் ரஃபீக்.

"இறக்குறதா? அந்த ஷெல்லோட சுருதியே அதுதான். உள்ள எழுதியிருக்கேன், பாரு."

"வெறும் ஷெல்லுல எழுதினதுக்கா அது. இரும்பெல்லாம் மாட்டினப்புறம் மாறியிருக்கும்ல?"

அவ்வளவுதான். மரத்தின் அடுக்குகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, விளிம்பை ஏன் நாற்பத்தைந்து டிகிரியில் சீவினாள், பசைத்துண்டு ஒட்டுகிற தலைமுறைக்கு ஏன் இது விளங்காது என்று இளமதி ஆரம்பித்தாள். தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டவர்களில் ஒருவருக்கும் அது தேவைப்படவுமில்லை. இருபது நிமிடம் போயிற்று.

ரஃபீக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிக்கா. ஆனா நீங்க செட்டா வச்சு அடிச்சுப் பார்த்தப்போ இந்தச் சத்தம் வரலியா?" என்றான்.

இளமதி நினைவைத் துழாவினாள். பதினான்கு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு அடி. அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

"உங்க ஹால் சரியில்ல" என்றாள்.

மோகனப்பிரியா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஹாலை மாத்த முடியாதுங்க மேடம். டைம் ஆயிடுச்சு." வெளிநாட்டுச் செட்டையே எடுத்துக்கொள்வதாக அங்கேயே சொல்லிவிட்டார். அவரும் ரஃபீக்கும் சாப்பிடப் போனார்கள்.

வேன் வர நேரமிருந்தது. இளமதி திருகுச் சாவியை எடுத்து டாமின் எட்டுத் திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். ஆசனத்தில் உட்கார்ந்து, ரஃபீக் வைத்துவிட்டுப் போன குச்சியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஆழமான, அகன்ற ஒலி எழுந்து கடைசி வரிசைவரை போய் நிதானமாக அடங்கியது. ஸ்னேர் மூச்சுக்கூட விடவில்லை.

மறுபடி அடித்தாள். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. தரையைத் துடைக்க வந்த ஊழியர் ஒருவர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "நல்லாருக்கே மேடம், எந்த ஊரு செட்டு இது? யாரு செஞ்சது?" என்றார்.

இளமதி குச்சியைக் கீழே வைத்தாள். "தெரியலங்க" என்றாள்.