துருவுக்கு மேல் பூசிய பட்டி

பட்டறையில் எல்லோரும் அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கில் கண்ணாடி ஒன்றும் கிடையாது. அவர் பெயிண்ட் அடித்த கார் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அதனால் வந்த பெயர். வேலை சுத்தம்; வாய்தான் சுத்தம் என்று சொல்ல முடியாது. துருவைச் சுரண்டாமல் மேலே பட்டி பூசி எவனாவது ஒப்பேற்றினால் தொலைந்தான். "உள்ள துரு தின்னுக்கிட்டு இருக்கு, நீ மேல பவுடர் போடுறியா?" என்று வறுத்தெடுத்துவிடுவார். கைமீறிப் போன வண்டி என்றால் மட்டும் திட்ட மாட்டார். பேசாமல் நகர்ந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ரத்தப் புற்றுநோய். முதலில் கொடுத்த மருந்துக்கு அது மசியவே இல்லை. அடுத்துக் கொடுத்த புது மாத்திரைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது.

"அடங்கி இருக்கும்போதே வேலையை முடிச்சாகணும்," என்றார் டாக்டர். "எலும்புக்குள்ள இருக்குற பழைய மஜ்ஜையை மருந்து ஏத்தி முழுசா அழிச்சிடுவோம். அப்புறம் உங்க தங்கச்சியோட ஸ்டெம் செல்லை ஏத்துனா புது ரத்தம் ஊறும். ஆனா அந்த மருந்து உள்ள போயிட்டா திரும்பி வர வழி இல்லை. எதிர்த்து நிக்க உடம்புல ஒண்ணும் இருக்காது. லேசா காய்ச்சல் இருந்தாக்கூட சொல்லிடுங்க, தள்ளி வெச்சிடலாம்."

தள்ளி வைப்பதா! பக்கத்து அறை பஸ் டிரைவரை இருமலுக்காகத் தள்ளித்தான் வைத்தார்கள். அந்த இடைவெளியில் நோய் மறுபடி தலைதூக்கிவிட்டது. இப்போது அந்தக் கட்டிலில் வேறு ஆள்.

மருந்து ஏற்றுகிற நாள் காலையில், பாழாய்ப்போன உடம்பு சுட்டது. கண்ணாடி காய்ச்சல் மாத்திரையை எடுத்து யாருக்கும் தெரியாமல் விழுங்கினார். நர்ஸ் வந்து பார்த்தபோது சூடு இறங்கியிருந்தது.

"காய்ச்சல், குளிர் ஏதாவது இருந்துச்சா?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்மா."

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். காலி மாத்திரை அட்டை அவள் காலடியில் கிடந்தது. டிரைவரின் பெண்டாட்டி கதறியதைக் கேட்டவள்தானே அவளும். குனிந்து அதை எடுத்துக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று தங்கச்சி போனில் கலாய்த்தாள். "அண்ணே, என் ரத்தம் ஊறுனா நீயும் என்னை மாதிரி வாயாடி ஆயிடுவே!"

"இப்ப மட்டும் நான் என்ன ஊமையா?" என்று சிரித்தார்.

பை காலியாகிச் சாயங்காலம் ஆனபோது குளிர் வந்தது. கட்டிலே ஆடுகிற மாதிரி உடம்பு தூக்கிப் போட்டது. மனைவி போர்வைக்கு மேல் போர்வை போர்த்தினாள். நர்ஸ் ஓடினாள், டாக்டர் வந்தார்.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

கண்ணாடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவிதான் கையை விரித்துக் காட்டினாள். கசங்கிய அட்டையை டாக்டர் பார்த்தார். பிறகு, மேலே தொங்கிய காலிப் பையைப் பார்த்தார்.

"திட்டுங்க டாக்டர்," என்றார் கண்ணாடி, பல் தந்தியடிக்க. "நல்லா நாலு திட்டு திட்டுங்க."

டாக்டர் திட்டவில்லை.