நான் மாற்றாத சீல்

கொல்லிமலையில் நான் மெக்கானிக்குங்க. மழையில் ஓடை பெருகினால் நோயாளிகளை ஏற்றிப்போக, தண்ணீரிலும் தரையிலும் ஓடும் எட்டுச் சக்கர வண்டி ஒன்றுதான் எங்களுக்கு வழி. அதன் அச்சு ஆடுகிறதென்று கொண்டுவந்தார்கள். இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்து உறுதியாக்கினேன். அந்தச் சூட்டில், பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் சீல் கருகிவிட்டது. புதுசு வாங்க சேலம் வரைக்கும் இறங்கணுமே என்று சோம்பல். கிரீஸை அப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த மழையில், பாம்பு கடித்த மனைவியை ஒருவர் அதில் ஏற்றிப் புறப்பட்டார். நடு ஓடையில் தண்ணீர் புகுந்து பேரிங் இறுகி வண்டி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அந்தம்மா இறந்துவிட்டார்.

காரியம் முடிந்து அவர் பட்டறைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அச்சைச் சரி பண்ணலீன்னா ஓடை வரைக்குங்கூட போயிருக்க மாட்டோமுங்க" என்றார்.

சீல் கருகினதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "டீ குடிக்கிறீங்களா?" என்றுதான் வந்தது.

இப்போது எந்த வண்டியிலும் சீல் மாற்றாமல் விடுவதில்லை. வழியில் பார்த்தால் அவர் இன்னும் என்னைக் கும்பிடுகிறார்.