டப்பா நிறையச் சர்க்கரை

சர்க்கரை வியாதியை ஆராய்ச்சி செய்கிற மைத்துனர் உங்களில் யாருக்காவது வாய்த்திருக்கிறாரா? எனக்கு வாய்த்திருக்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜாங்கிரி தொண்டைக்குள் இறங்காது. அப்படி ஒரு பார்வை!

போன சனிக்கிழமை அவரோடு செஞ்சிக்குப் போனேன். மாதம் ஒரு தடவை அங்கே நோயாளிகளைப் பார்க்கிறார். எனக்கோ கோட்டை ஏற ஆசை.

"மலை எங்கேயும் ஓடிடாது மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் கூட இருங்க" என்றார்.

கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை மாடி. மேஜை, ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள்... நானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பணக்கார வியாதி என்கிறோமே, அது ஏன் வேர்க்கடலைக் காட்டில் பாடுபடுகிற ஒல்லிப் பிள்ளைகளுக்கும் வருகிறது? தின்றது உடம்பில் ஒட்டாமல் எங்கே போகிறது? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. பஸ்ஸில் வழி நெடுக இதே பேச்சு. நடுநடுவே வசந்தா என்ற பெயர் வந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்துப் பெண், பதினேழு வயது. எலும்பும் தோலுமாக வந்தவள், தினமும் இன்சுலின் போட்டுக் கன்னத்தில் சதை வைத்துவிட்டாளாம். "இன்னிக்குப் பாருங்க, என் ஆராய்ச்சியே நடந்து வரும்" என்றார். சொந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வது போல அத்தனை பெருமை.

வந்தது அவள் அப்பா மட்டும். கையில் சின்ன மண்பானை. அதில் ஈர மணல், மணலுக்குள் இன்சுலின் பாட்டில். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மைத்துனர் சொல்லிக்கொடுத்த வழி அது.

"மருந்து மிச்சம் இருக்குது சார். வேற யாருக்குனா ஆவும், குடுங்க."

"வசந்தா எங்கே?"

"எங்கள வுட்டுட்டுப் பூட்டா சார்... அமாவாசையன்னிக்கு."

மைத்துனருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஊசி போடலையா?"

"ஒரு நாள் கூட வுடல சார். அன்னிக்கும் காலையில அவளே போட்டுக்கினா. மலையனூர் அம்மனுக்கு வேண்டுதல். அம்மாவப் பாக்குற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாதுன்னு இருந்தா."

"ஊசி போட்டுட்டுப் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேய்யா!"

"பட்டினி இல்ல சார், விரதம். எம்பொண்ணப் பட்டினி போடுவனா? வூட்ல சோறு இருந்திச்சி."

கோயில் வாசலில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. உடம்பு நடுங்கி, சம்பந்தமில்லாமல் என்னவோ பேசியிருக்கிறாள். அமாவாசைக் கூட்டம் என்ன நினைக்கும்? அம்மன் வந்துவிட்டாள் என்றுதான்! கையில் வேப்பிலை கொடுத்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தர் விழுந்து கும்பிட்டு, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று குறி கேட்டாராம். அவள் சரிந்து விழுந்ததும், சாமி மலையேறிவிட்டது என்று கற்பூரம் காட்டினார்களாம்.

"அப்படி என்னய்யா வேண்டுதல்?"

"ஒங்களுக்குத்தான் சார். டாக்டர் நல்லா இருக்கணும், அவுரு ஆராய்ச்சி நல்லபடியா முடியணும்னு."

மைத்துனர் அழுதுவிட்டார். வரிசையில் காத்திருந்த அத்தனை பேர் முன்னால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் காதோடு சொன்னார். "ஊசியும் போட்டு, சாப்பிடாமலும் இருந்தா ரத்தத்துல சர்க்கரை அடியோட இறங்கிடும். ஒரு பிடி சர்க்கரையை வாயில போட்டிருந்தா எழுந்து உட்கார்ந்திருப்பா..."

என்னைக் கீழே கடைக்கு அனுப்பிச் சர்க்கரை வாங்கிவரச் சொன்னார். அடுத்து வந்த அம்மாளும் ஊசி போட்டுக்கொள்கிறவர்தான். மைத்துனர் ஒரு பொட்டலம் மடித்து அவர் கையில் வைத்தார். "முந்தானையில முடிஞ்சுக்கோம்மா. வேர்த்து நடுங்கினா உடனே வாயில போடு. விரதமா இருந்தாலும் போடு. சாமி கோச்சுக்காது."

வரிசையில் ஒருவர் சிரித்தார். "இன்னா சார், சக்கர வியாதிக்குச் சக்கரையா?"

வசந்தாவின் அப்பா சிரிக்கவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இதக் குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா சார்?"

ஆமாம் என்று மைத்துனர் தலையாட்டினார்.

"அவ துன்னக் கூடாதேன்னு நாங்க யாருமே சக்கரையத் தொடல சார். ரேஷன்ல வாங்குனது... வூட்ல டப்பா நெறைய அப்டியே இருக்குது."

கோட்டை ஏறாமல் ஊர் திரும்பினேன். மனைவி காபி கொடுத்தாள். இனித்தது, குடிக்க முடியவில்லை.