கல்யாணக் காரின் கீச்சு

எங்கள் பழைய காரின் முன்பக்கத்தில் ஒரு கீச்சு இருந்தது. பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையிலும் கத்தும். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஜாயின்ட் தேய்ந்துபோயிருந்தது. புதுசு மாட்டச் சொல்வார்கள். இந்தக் காருக்குப் புதுசு எங்கே கிடைக்கிறது? அவ்வப்போது கிரீஸ் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் படுக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. தஞ்சாவூர் மாதா கோயிலில் திருமணம். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கைக்குழந்தையாக வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் காரில்தான். கல்யாணத்துக்கும் இதில்தான், நானே ஓட்டிப்போய் இறக்குவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"அந்தக் கீச்சு வண்டியா? நான் எறங்குறதுக்குள்ள கோயிலே திரும்பிப் பாக்கும். மாப்ள வீட்டுல சிரிப்பாங்கப்பா. ஒரு வாடகை வண்டி சொல்லிடுங்க" என்றாள் மகள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கீச்சுங்காம ஓட்டிக் காட்டுனா?"

"காட்டுங்க. சத்தம் கேட்டுச்சுன்னா வாடகை வண்டிதான். பேச்சு மாறக்கூடாது."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கிரீஸ் கன்னை எடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் உள்ளே சரியாக ஏறாது. வண்டியின் பாரம் ஜாயின்டை அமுக்கிக்கொண்டிருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை கொடுத்து, மேலே ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கீழே ஒருவர் அடிக்கவேண்டும். வழக்கமாக என் மனைவிதான் திருப்புவாள்.

"வீடு பூரா சனம். நீங்களும் உங்க வண்டியும்! ஆள விடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

யார் வந்து உட்கார்ந்தது என்கிறீர்கள்? கல்யாணப் பெண்ணேதான். இரண்டு கையிலும் மருதாணி காயவில்லை. முழங்கையால் ஸ்டியரிங்கைத் தள்ளினாள்.

"போதுமாப்பா?"

"இன்னுங் கொஞ்சம் தள்ளும்மா. ஆங், நிறுத்து! இப்ப அந்தப் பக்கம்."

கிரீஸ் உள்ளே போகிற நிப்பிளில் கன்னை வைத்து அழுத்தினேன். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி என் நெற்றியில் சொட்டியது. பின்னாலேயே புதுசு எட்டிப் பார்த்தது.

மேலே அவளுக்குச் சிரிப்பு. "பொண்ணு என்ன பண்ணுதுன்னு மாப்ள வீட்டுல கேட்டா, கிரீஸ் அடிக்குதுன்னு சொல்லுங்க."

வண்டிக்கடியில் கிடந்து நானும் சிரித்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் அவளை உட்கார வைத்துத் தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். மூச்சு விடவில்லை கார்.

"சரி, இதுலயே போவலாம்" என்றாள்.

மறுநாள் வெள்ளைப் பட்டுச் சேலையில் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள்; ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினேன். ஒரு வேகத்தடை போயிற்று, இன்னொன்றும் போயிற்று. சத்தமே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தஞ்சாவூருக்குள் நுழைந்து கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்தேன். மூக்கை ஒருமுறை உறிஞ்சினேன், மெதுவாகத்தான். பழைய கீச்சு இருந்திருந்தால் அதில் அமுங்கிப் போயிருக்கும்.

"அப்பா, இன்னும் ஒரு கீச்சு பாக்கி இருக்கு போல" என்றாள் பின்னாலிருந்து.

"பேசாம வா" என்று அதட்டினேன். குரல் கீச்சிட்டது.