ஆற்றுக்கல் மேடை

பாளையங்கோட்டையில் கொத்தனார்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் வெட்டவெளியில் அடுப்பு மேடை என்றால் ஆட்கள் சுவிசேஷமுத்து கொத்தனாரைத்தான் தேடி வருவார்கள். சர்ச்சில் அசனம் வைத்து ஊருக்கே ஆட்டுக்கறிக் குழம்பு காய்ச்சுகிற அடுப்போ, ரோட்டோரப் பரோட்டாக் கடையோ, அவர் கை படாத மேடை அந்த வட்டாரத்தில் குறைவு. மழையிலும் வெயிலிலும் கிடக்கப்போகிற கல்லைத் தேர்ந்தெடுப்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம் என்பார். மாப்பிள்ளை மோசமென்றால் ஊரில் நாலு பேராவது காதில் போடுவார்கள், கல்லைப் பற்றி யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று கேட்பார்.

அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். சின்னச் சுத்தியலால் கல்லின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் தட்டி, வலது காதைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். வெண்கலக் கும்பாவைத் தட்டினாற்போலக் கணீரென்றால் நல்ல கல். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ ஈரமோ இருக்கிறது என்று அர்த்தம், கல்லை வண்டியிலிருந்தே இறக்கவிடமாட்டார். இன்னொரு வழக்கமும் உண்டு. புது மேடையில் முதல் தீயை அவர்தான் மூட்டுவார். மூன்று மணி நேரம் நன்றாக எரியவிட்டு, தான் மட்டும் முன்னால் நிற்பார். வேறு ஆளைப் பக்கத்தில் அண்டவிடமாட்டார். சமையல்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று நிற்பார்.

முப்பது வருஷம் அதில் அவர் தவறியதில்லை. தவறியது தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில், ஒரே ஒரு தடவை.

அந்த வருஷம் அவர் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரே மகள் கெசியாவுக்கு ஏழு மாசம். அவளைக் கட்டிய எபி, பம்பாயில் ஒரு ஓட்டலில் கரியடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருந்தவன். அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள் என்று பெட்டியோடு வந்து இறங்கியவன், ஐந்து மாசமாக மாமனார் வீட்டில் சும்மா இருந்தான். நல்ல பையன். வாய் அதிர்ந்து பேசமாட்டான். சோற்றுத்தட்டு முன்னால் உட்காரும்போது மட்டும் அவன் தலை கொஞ்சம் குனிந்துபோகும். அதைப் பார்க்க முடியாமல் கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் மேலப்பாளையம் தாஜ் முகம்மது கூப்பிட்டு அனுப்பினார். கங்கைகொண்டானுக்குத் தெற்கே மதுரை ரோட்டின் ஓரம் இடம் வாங்கிப் போட்டிருந்தார். கம்பெனிகள் வருகின்றன, லாரிகள் நிற்கும், கரியில் சுட்ட கோழிக்கடை வைத்தால் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர் கணக்கு. சாப்பிடுகிறவர்களுக்கு ஓலைப்பந்தல். அடுப்பும் மேடையும் ரோட்டில் போகிறவன் கண்ணில் படும்படி திறந்த வெளியில்.

"எட்டடி மேடை வேணும் கொத்தனாரே. ஒரு பக்கம் கரியடுப்பு, மறுபக்கம் கோழி வெட்டுததுக்கு. மழைக்கும் தாங்கணும், தீக்கும் தாங்கணும், துட்டும் கையைக் கடிக்கப்படாது. என்ன போடலாம்?"

"கடப்பாக்கல்லு வெல கொறவுதான் பாய். ஆனா எலுமிச்சம்பழம் பட்டா வெளுத்துப்போவும், தீப் பக்கத்துல வச்சா ஏடு ஏடா உரியும்."

"டைல்ஸு?"

"வீட்டுக்குள்ள ஒட்டுங்க. வெட்டவெளியில ரெண்டு மழைக்கு இடுக்குல தண்ணி எறங்கித் தூக்கிக்கிடும். தகரம் அடிச்சா ஒரே வருசத்துல துருப்பிடிச்சி, அந்தத் துரு கோழியோட சேந்து வயித்துக்குள்ள போவும். கிரானைட்டு எதுக்கும் அசையாது, ஆனா நீங்க சொல்லுத துட்டுக்குப் பாதி மேடைதான் வரும்."

"பொறவு என்னத்தத்தான்வே போட?"

"கம்பி கட்டி சிமெண்டுப் பலகை வார்ப்போம். தீ படுத எடத்துல மட்டும் சூளைச் செங்கல் ரெண்டு வரிசை. ஒங்க துட்டுக்கு அதான் தோது. இருவத்தோரு நாளு தண்ணி ஊத்தி எறுக விடணும், அம்புட்டுத்தான்."

தாஜ் முகம்மது சிரித்தார். "தொறப்பு விழாவுக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்கு. நோட்டீஸு அடிச்சாச்சி. நேரத்துக்கு மேடை முடிஞ்சா ஒங்க மருமவனே அடுப்புல நிக்கட்டும். முடியாதுன்னா சொல்லிருங்க, மதுரையிலேருந்து ஒரு மாஸ்டர் வாரேங்கான். இரும்பு அடுப்பு, மேடை எல்லாம் அவனே கொண்டாந்துருவான்."

கொத்தனார் முடியாது என்று சொல்லவில்லை.

மறுநாள் தாஜ் முகம்மதே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆற்றில் ஒரு சின்னப் படித்துறையை இடித்துச் சிமெண்டுப் படி கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கற்களை வாரிக் கரையில் போட்டிருந்தார்கள், வேண்டியவன் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒன்று, துணி துவைக்கிற கல், எட்டடிக்குக் குறையாது. எத்தனையோ பொம்பளைகள் அடித்துத் துவைத்து, பலகை போல வழவழவென்று கிடந்தது. தாஜ் முகம்மது அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கிரானைட்டை மெஷினில் போட்டாலும் இந்த வழவழப்பு வராது என்றார். அதுவும் ஓசியில்.

இடுப்பளவுத் தண்ணீரில் துவைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மா தலையை நிமிர்த்தினாள். "எதுக்கு எடுக்கிய அண்ணாச்சி?"

"அடுப்பு மேடைக்கும்மா," என்றார் கொத்தனார்.

"அடுப்புக்கா? நான் கல்யாணமாயி வந்த நாள்லேருந்து தண்ணிக்குள்ளேயே கெடக்க கல்லு அது. கோடையிலகூட அதுக்கு வெயில் பட்டதில்ல. அதக் கொண்டுபோயி தீயில வைக்கியளே."

அவள் சொன்னது கொத்தனாருக்குத் தெரியாததா? சித்தாள் வேலைக்கு வரும் சின்னப் பையனுக்குக்கூட அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஆற்றில் ஊறிய கல்லை அடுப்பில் வைக்காதே என்பதைத்தான். உள்ளே குடித்த தண்ணீர் ஆவியாகி, வழி கிடைக்காமல் கல்லையே பிளக்கும்.

குனிந்து தட்டினார். ஒரு ஓரம் கணீரென்றது. மறு ஓரமும் கணீரென்றது. நடுவில் பொத்தென்றது. காதை எடுக்காமல் இன்னொரு தரம் தட்டினார். பொத்.

"ஒரு கோடை முழுக்கக் காயணும் பாய்."

"நாலு நாளு வெயில்ல போடும்வே. பாக்கக் காஞ்சிதான கெடக்கு."

பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. எட்டுப் பேர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். நாலு நாள் வெயிலில் போடலாம் என்றால், மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது.

கொத்தனார் அடியில் சுவர் கட்டி, கல்லை ஏற்றி, மட்டம் பார்த்து, கரியடுப்பு வருகிற இடத்தில் ஒரு வரிசை செங்கல் பரப்பினார். ரெண்டு வரிசை வைத்தால் அடுப்பு உயர்ந்து எபிக்குக் கை எட்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வரிசை போதும் என்றும் சொல்லிக்கொண்டார். மனுஷன் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லித் தானே நம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், மழை விட்ட நேரத்தில், முதல் தீயை மூட்டினார். கரி கனிந்து வந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். கல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம், நகம் வெட்டினாற்போல. டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது சத்தத்துக்குக் காத்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை. வாளித் தண்ணீரை எடுத்துக் கரியில் ஊற்றினார். மூன்று மணி நேரம் நின்றால் கல் வெடிக்கும் என்று பயந்து அல்ல. வெடித்துவிட்டால் நாளைக்கு மதுரைக்காரன் வந்துவிடுவான் என்று பயந்து.

வீட்டில் கெசியா, எபியின் வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் அவர் முதல் தீ மூட்டுகிற இடத்துக்கெல்லாம் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். எட்டப் போ, எட்டப் போ என்று அவர் கத்துவது அவளுக்கு விளையாட்டு.

"மொத தீ மூட்டியாச்சாப்பா?"

"ஆச்சும்மா."

"மூணு மணி நேரமும் நின்னியளா?"

"நின்னேன்."

அவள் சந்தோஷமாகச் சட்டையை மடித்து வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையெல்லாம் தூறிவிட்டு, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரத்துக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. ஃபாத்திஹா ஓதி, பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். எபி புதுச்சட்டைக் கையை மடித்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றான். கம்பியில் கோழியைக் குத்தித் திருப்புகிற லாகவத்தைப் பார்க்கவே லாரிக்காரர்கள் நாலு பேர் வண்டியை ஓரங்கட்டினார்கள். தாஜ் முகம்மதுக்கு வாயெல்லாம் பல்.

கொத்தனாரை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, முதல் கோழியை அவருக்குத்தான் வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொரு நிமிஷமாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி ஆனது. ஒன்றும் ஆகவில்லையே, நாம்தான் கிழட்டுப் பயம் பயந்தோம் என்று நினைத்து, ஒரு துண்டுக் கறியைப் பிய்த்தார்.

டிக்.

இந்தச் சளசளப்பில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எபி மட்டும் கம்பியைத் திருப்புவதை நிறுத்தினான். கல்லைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நேரே மாமனாரைப் பார்த்தான்.

எழுந்து ஓடியிருக்கலாம். "மாப்ள, வெலகுங்க" என்று ஒரு வார்த்தை போதும். சுற்றி அறுபது பேர் இருந்தார்கள், தாஜ் முகம்மது சிரித்துக்கொண்டிருந்தார், வாசலில் சாமந்தித் தோரணம் கட்டியிருந்தது. கொத்தனார் குனிந்து, கையிலிருந்த கறியை வாயில் போட்டுக்கொண்டார்.

எபி லேசாகச் சிரித்துவிட்டுக் கம்பியைத் திருப்பினான். அப்போதுதான் கல் வெடித்தது.

பட்டாசுக்கடை தீப்பிடித்ததோ என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கரியும் செங்கலும் கோழியும் பந்தல் வரைக்கும் பறந்திருந்தன. மேடை நடுவில், அவர் தட்டிக் கேட்ட அதே இடத்தில், இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளந்த இடம் கறுப்பாக, ஈரமாக இருந்தது. எபி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை.

ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண் பிழைத்தது. தாஜ் முகம்மது தினமும் வந்து பார்த்தார். "கல்லு வெடிக்கும்னு யாரு கண்டா கொத்தனாரே," என்று அவரே ஆறுதல் சொன்னார். ஆறு கொடுத்த சாபம் என்றார்கள் சிலர். கொத்தனார் வாயைத் திறக்கவில்லை. சாபமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கெசியாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அவள் ஒரு நாளும் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூணு மணி நேரம் நின்றேன் என்று அவர் சொன்னதை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சாயந்திரம், எபி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தான். கொத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சொல்லிவிடுவது என்று ஆறு மாசமாக நினைத்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"மாப்ள. அன்னைக்குக் கல்லுக்குள்ள சத்தம் வந்துது. எனக்குக் கேட்டுது."

எபி குழந்தையின் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை.

"எனக்கும் கேட்டுது மாமா. பயந்துதான் ஒங்களப் பாத்தேன். நீங்க பைய தின்னுக்கிட்டு இருந்திய. மாமா இருக்கும்போது நமக்கு என்ன பயம்னு நின்னுட்டேன்."